ஆடுற சக்கரமும் போடி லைனும்

காளவாசல்லேர்ந்து தேனி ரோட்டைப் பிடிச்சா செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டின்னு வரிசையா ஊர் வரும். துணைக்கு வர்ற மாதிரி போடி ரயில் பாதையும் அதே திசைதான். 1928ல திறந்த மீட்டர்கேஜ் லைன். இரண்டாம் உலகப்போர் சமயத்துல தண்டவாளத்தைப் பேத்துட்டுப் போயிட்டாங்க, 1950கள்ல திரும்பப் போட்டாங்க. 2010 கடைசில அகலப்பாதைக்காக மூடி, தேனி வரைக்கும் 2022லயும் போடி வரைக்கும் 2023லயும் திறந்தாச்சு. ஆக, அந்த சின்ன ரயில் இனிமே கிடையாது. மேஜை மேலயாவது ஓட்டிப் பார்க்கணும்னு எனக்கு ஒரு கிறுக்கு.

1:87 அளவுல மீட்டர்கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் வேணும். ஈஸியா கிடைக்கிறதென்னவோ 16.5 மி.மீ., அதாவது ஐரோப்பாவோட 1435 மி.மீ. பாதை. சரி, கை பழகட்டும்னு அதுல ஒரு பழைய என்ஜின் வாங்கினேன். ஓடுது, ஆனா கரகாட்டம் ஆடிக்கிட்டே ஓடுது. ஏன் ஆடுதுன்னு தோண்டப் போய்த்தான் இந்தக் கதையே கிடைச்சது.

ரயில் சக்கரம் உருளை இல்லை மக்களே, லேசான கூம்பு. உள்பக்கம் பெருசு, வெளிப்பக்கம் சிறுசு. ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இறுகியிருக்கும். அச்சு வலப்பக்கம் நகர்ந்தா வலது சக்கரம் பெரிய விட்டத்துல உருளும், அதிக தூரம் போகும், அச்சு தானா இடப்பக்கம் திரும்பும். அங்க போனதும் இதே கதை தலைகீழா. அதனால அச்சு பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகும். ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1821லயே இதைக் கவனிச்சு எழுதி வச்சிட்டார். ஒரு நெளிவு எத்தனை நீளம்னு கணக்குப் போட்டுச் சொன்னவர் க்ளிங்கல்னு ஒரு ஜெர்மன்காரர், 1883ல. நடுவுல அறுபத்திரண்டு வருஷம்! அதுவரைக்கும் ரயிலெல்லாம் ஓடிக்கிட்டேதான் இருந்தது :-)

மெதுவாப் போனா இந்த நெளிவு வண்டியைப் பாதையில நிறுத்துற நல்ல காரியம். வேகம் கூடினா வெறிபிடிச்ச ஆட்டமாகி, தண்டவாளத்தையே உதைக்கும். இதை ஜப்பான்ல அவிழ்த்தவர் ததாஷி மாட்சுதைரா. போர்க்காலத்துல ஜீரோ விமானத்தோட இறக்கை அதிர்வை ஆராய்ஞ்ச மனுஷன், போர் முடிஞ்சதும் ரயில்வேக்கு வந்தார். விமானத்துல பார்த்த அதே வியாதிதான் இதுன்னு கண்டுபிடிச்சார். 1964 ஷிங்கன்சென் மணிக்கு 210 கி.மீ. ஓடினதுல அவர் பங்கு பெருசு. அதுல சக்கரச் சரிவு 40க்கு 1, நம்ம ஊர்ல வழக்கம் 20க்கு 1. சரிவு குறைஞ்சா நெளிவு நீளும், ஆட்டம் அடங்கும். நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955ல சுவிஸ் வடிவமைப்போட ஆரம்பிச்சது. 2000க்கு அப்புறம் வந்த எல்.எச்.பி. பெட்டிகள்லதான் போகி திரும்பி ஆடுறதைத் தடுக்க தனியா டேம்பர் வச்சாங்க. பழைய மாடல் பெட்டியை ஐ.சி.எஃப். 2018 ஜனவரியோட நிறுத்திடுச்சு.

இப்ப மேஜைக்கு வருவோம். க்ளிங்கல் கணக்குல 915 மி.மீ. ரயில் பெட்டிச் சக்கரத்துக்கு, ஒத்தை அச்சுன்னு வச்சுக்கிட்டா, ஒரு நெளிவு சுமார் 18 மீட்டர். 12 மி.மீ. பொம்மைச் சக்கரத்துக்கு 20 செ.மீ. ஆனா அந்தச் சக்கரம் ஒரு சுத்துக்குப் போறது 38 மி.மீ. தான். சக்கரத்துல சிவப்பு புள்ளி ஒண்ணு வைங்க. புள்ளி மேல வர்றப்பல்லாம் வண்டி ஆடினா அது ஸ்டீபன்சன் சொன்ன நெளிவு இல்லை, சக்கரம் அச்சுல கோணலா ஏறியிருக்கு. என் என்ஜின்ல புள்ளிக்குப் புள்ளி ஆட்டம்.

இடைவெளியும் சதி பண்ணுது. அகலப்பாதை 1676, சக்கரங்களுக்கு உள்ள இடைவெளி 1600. ரெண்டு விளிம்புக்கும் 57 போக மிச்சம் 19 மி.மீ. தான். மீட்டர்கேஜுலயும் (1000, 930) விளிம்பு போக அதே 19. பொம்மைல அரை மி.மீ. மிச்சம் இருந்தாலே நிஜ அளவுக்கு 43 மி.மீ. அதுல ஆடாம எப்படி இருக்கும்!

எலஹங்கா தொழிற்சாலைல அச்சைவிட ஒரு நூல் சின்னதா துளை போட்டு, ஹைட்ராலிக் பிரஸ்ல சக்கரத்தை ஏத்துறாங்க. பிசின் கிடையாது, ஆணி கிடையாது, இறுக்கம் மட்டும்தான். பொம்மையும் அதே தத்துவம். முதல்ல புல்லர் வச்சு கழட்டணும். சுத்தியலால தட்டினா துளை முட்டை வடிவமாயிடும், அப்புறம் சக்கரத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அச்சை கண்ணாடி மேல உருட்டி வளைவு இருக்கான்னு பாருங்க. டிரில் ஸ்டாண்ட்ல மோட்டாரைப் போடாம, சக்குல அச்சை நேரா பிடிச்சு, சக்கரத்தை கீழ சமமா வச்சு அழுத்துங்க. வெர்னியர்ல உள் இடைவெளி 14.5 மி.மீ. வரணும். துளை தளர்ந்திருந்தா லாக்டைட் ஒரு சொட்டு போதும், பேரிங் பக்கம் ஒழுகவே கூடாது.

நீராவி என்ஜின்னா இன்னொரு சோலி. இடது வலது கிராங்க் பின்கள் 90 டிகிரி தள்ளி நிக்கணும், அதுவும் எல்லா அச்சுலயும் ஒரே கோணத்துல. ஒண்ணு கொஞ்சம் பிசகினாலும் இணைப்புக் கம்பி சிக்கிக்கிட்டு வண்டி நொண்டும். நாலு அச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கண்ணால ஒப்பிட்டு, ராத்திரி பன்னண்டு மணிக்கு ஒரு வழியா பொருந்திச்சு.

புள்ளி மேல வருது, ஆட்டம் இல்லை. பெட்டிகள்ல இன்னும் ரெண்டு அச்சு பாக்கி.