மா ஹுவானின் பட்டியலில் இல்லாத தேயிலை

நம்மவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள் என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சீனர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் மா ஹுவான். சேஜியாங் மாகாணத்து ஷாவோசிங் பக்கத்து முஸ்லிம். கடற்தளபதி செங் ஹவின் கப்பல்களில் 1413இல் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் செங் ஹ இலங்கையில் போரிட்டு, அங்கே ஆட்சி செலுத்திய அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோயிருந்தார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் 1409ஆம் ஆண்டு தேதியிட்டு அவர் கொண்டுவந்த கல் 1911இல் காலியில் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தமிழ்ப் பகுதி தேவந்துறை நாயனார் என்னும் கடவுளுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது.

பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் படிப்பித்த வருடங்களில் போரும் கல்வெட்டும் வந்ததோடு பாடம் முடிந்துவிடும். எனக்கோ மா ஹுவான் சோற்றைப் பற்றி எழுதியதுதான் பெரிதாகப் படுகிறது. இந்த நாட்டார் நெய்யும் பாலும் இல்லாமல் சோறு சாப்பிடமாட்டார்கள். சாப்பிடும்போது பிறர் கண்ணில் படாமல் மறைவாகச் சாப்பிடுவார்கள். வெற்றிலையும் பாக்கும் வாயை விட்டு அகலாது. தேங்காயிலிருந்து எண்ணெய், சர்க்கரை, கள் எல்லாம் எடுப்பார்கள். மாட்டுச் சாணத்தைச் சுட்ட சாம்பலை உடம்பில் பூசுவார்கள் என்கிறார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த எவருக்கும் இதில் வேற்றாள் யாரும் இல்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வரும் சனத்தின் நெற்றியைப் பார்த்தால் போதும். என் அப்பம்மா வாசற்கதவைச் சாத்தாமல் சோறு போட்டதில்லை; கண்ணூறு படும் என்பா. மா ஹுவான் பார்த்த மறைவுக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

சீனத்துப் பொருட்களில் இங்கே எதற்கு விருப்பம் என்றும் அவர் எழுதுகிறார்: கஸ்தூரி, பட்டு, பச்சை மெருகிட்ட கிண்ணங்கள், செப்புக் காசு, கற்பூரம். இவற்றைக் கொடுத்து இரத்தினமும் முத்தும் வாங்கினார்களாம். அந்தப் பட்டியலில் தேயிலை இல்லை. அவருடைய சொந்த மாகாணம் தேயிலைக்கே பேர்போனது. ஆனாலும் நம் கரையில் யாரும் அதைக் கேட்கவில்லை.

மகள் அதே மாகாணத்தில், ஹாங்சோவில், மருத்துவம் படித்தாள். அவளைப் பார்க்கப் போனபோதுதான் இதெல்லாம் எனக்கு நாக்கில் புரிந்தது. ஹாங்சோ ஏரிக்கரை ஊர். மேற்கு ஏரி என்று சொல்கிறார்கள். வாவிக்கரையில் வளர்ந்தவளுக்கு அங்கே முதலில் தேடத் தோன்றியது மீனும் இறாலும்தான். மகள் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போய், அந்த ஊருக்கே உரிய லோங்ஜிங் இறாலைச் சொல்லிவிட்டாள். நன்னீர் இறாலை உரித்து, முட்டை வெள்ளைக்கருவும் மாவும் பிசறி, பட்டும் படாமலும் எண்ணெயில் போட்டெடுத்து, லோங்ஜிங் தேயிலைக் கொழுந்தையும் அது ஊறிய நீரையும் விட்டுப் பிரட்டுவார்கள். தட்டில் வெள்ளை இறால், அதன்மேல் அங்கங்கே பச்சை இலை. மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை.

முதல் வாயில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. மறுகா மெல்ல மெல்ல இறாலின் இனிப்பு வந்தது. அது எங்கள் வாவி இறாலிலும் இருக்கிற இனிப்புத்தான். நாங்கள் புளியும் தூளும் போட்டு அடியில் தாழ்த்திவிடுகிறோம். அப்படிச் செய்வது குறை என்று நான் சொல்லமாட்டேன். வெயிலில் வலை இழுத்து வந்தவனுக்கு உறைப்புத்தான் சோற்றை இறக்கும். ஆனால் இறாலுக்கு இப்படியொரு முகமும் உண்டு என்பதை அறிய எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது.

அடுத்த நாள் லோங்ஜிங் கிராமத்துக்குப் போனோம். சித்திரைக்கு முந்திய நாட்கள், முதற்கொழுந்து பறிக்கும் பருவம். வீட்டு வாசலில் சூடான இரும்புத் தாச்சிக்குள் ஒருவர் வெறுங்கையால் இலையை அழுத்துவதும் வாரி எடுப்பதுமாக இருந்தார். அந்தச் சூடு இலையைக் கறுக்கவிடாமல் பச்சையாகவே நிறுத்திவிடும். அதே இலையை வாட்டிக் கசக்கிக் காற்றுப்பட விட்டால் கறுத்துவிடும். நம் தேயிலை அப்படி வருவதுதான். செடி ஒரே இனம். கண்ணாடிக் குவளையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றித் தந்தார்கள். வறுத்த பயறின் வாசம், தொண்டையில் கொஞ்சம் இனிப்பு. பாலும் இல்லை, சீனியும் இல்லை. குவளை காலியாகக் காலியாக அதே இலைமேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

தேயிலைக்கென்று முதல் நூல் எழுதிய லூ யூ, எட்டாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில்தான் வாழ்ந்தார். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டுக் காய்ச்சும் தேநீர் வாய்க்காலில் கொட்டவேண்டிய தண்ணி என்பது அவர் கட்சி. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் நான் அவரோடு இல்லை. மாரிகாலத்து விடியலில் இஞ்சி இடித்துப் போட்ட பிளேன்ரீயை அவர் குடித்துப் பார்த்திருக்கவேண்டும்.

இலங்கைக்குத் தேயிலை கடைசியில் வந்தது ஆங்கிலேயர் ஆட்சியில். 1824இல் சீனச் செடி ஒன்று பேராதனைப் பூங்காவில் நட்டார்கள். 1839இல் அசாம் விதை வந்தது. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் சீனச் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கினார். தன் பங்களாத் திண்ணை மேசையில் கையால் இலை உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார். 1873இல் லண்டனுக்குப் போனது 23 இறாத்தல். கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்த காலம் அது. கோப்பிக்கென்று தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்த சனம் தேயிலைக்கு மாறியது. அந்த நடையில் செத்தவர்கள் ஏராளம். லோங்ஜிங்கில் இலை பறிப்பவரின் திறமையை வந்தவரெல்லாம் மெச்சுகிறார்கள். நம் மலையகத்துப் பெண்ணின் விரலுக்கும் அதே கூர்மை உண்டு. அந்த மெச்சல் அவளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் இலங்கைத் தேயிலையின் வரலாற்றை யாரும் எழுதக்கூடாது.

சீனத்திலிருந்து நேராக நம் அடுப்புக்கு வந்தது இன்னொன்று: அரிசி. கொரியப் போர்க்காலத்தில் அரிசி விலை ஏறியது, இறப்பர் விலை விழுந்தது. 1952 டிசம்பர் 18 அன்று பீக்கிங்கில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க ஒப்பந்தம் செய்தார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்குவது என்று ஐந்து வருட ஏற்பாடு. அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பப் புதுப்பித்து 1982 வரை கொண்டுபோனார்கள். இரு நாடுகளும் தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1957இல்தான். அரிசி அதற்கு முன்னமே வந்துவிட்டது.

அந்த 1957இன் கடைசியில்தான் கிழக்கில் பெருவெள்ளம். நெல் விளையும் மட்டக்களப்பில் வயல்களெல்லாம் தண்ணிக்குள் கிடந்தன. சீன அரிசியைப் பற்றிக் கேட்டால் அம்மா ஒப்பந்தத்தையா சொல்வா? கூப்பன் கடை வரிசையையும் அந்த வெள்ளத்தையும்தான் சொல்வா. “சோறு குழைஞ்சுதான் வரும் மகள். புளியாணத்த விட்டுப் பிசைஞ்சா ஆறு பிள்ளையளுக்கும் காணும்” என்பா.