பணிச்சோர்வும் துண்டுக்கூலியும்: கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலை முன்வைத்து

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வை ஒரு நோயாகக் கருதாமல், பணியிடத்தில் நீண்டகாலம் தீர்க்கப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவாக வரையறுக்கிறது. உடலும் மனமும் வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன்னால் இயலும் என்ற உணர்வு தேய்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றின் தன்னார்வலர்களைக் கவனித்து 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் முன்வைத்த இக்கருத்தாக்கத்தைக் கிறிஸ்டினா மாஸ்லாக் அளவுகோலாக வளர்த்தெடுத்தார். செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் போன்றோரிடமிருந்து பிறந்ததால், ஓய்வெடுத்தாலும் அன்றைய ஊதியம் குறையாத மாதச் சம்பளக்காரரே இந்த ஆய்வுமரபின் முன்மாதிரி மனிதராக நிலைத்துவிட்டார். கோவில்பட்டியையும் அதைச் சூழ்ந்த கரிசல் பூமியையும் வைத்துப் பார்க்கும்போது இம்முன்மாதிரி பொருந்தவில்லை. இங்கே சோர்வின் வேர் கூலி கணக்கிடப்படும் முறையில் இருப்பதால், அதைக் குறைக்கும் வழியையும் அங்கேதான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1920களில் சிவகாசியில் காலூன்றிய தீப்பெட்டித் தொழில், மழை குறைந்து வெயில் மிகுந்த இந்நிலப்பரப்பில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் எனப் பரவியது. குச்சியும் மருந்தும் உலர வெயில் வேண்டும். வானம் பொய்த்த ஆண்டுகளில் வேறு பிழைப்பற்ற கிராமத்துக் கைகளும் வேண்டும். இரண்டும் இங்கே கிடைத்தன. வட்டார வழக்கில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் இக்கூடங்களில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக நெருக்கி வரிசைப்படுத்தும் கட்டை அடுக்குதலும், மருந்து முக்கி உலர்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைத்தலும், லேபிள் ஒட்டுதலும் கையால் நடக்கும் ஆபீசுகளில், தரையில் குனிந்து உட்கார்ந்து, விரல்களின் ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. கூலியோ நேரத்துக்கு அன்று. கட்டைக்கு இவ்வளவு, குரோஸுக்கு இவ்வளவு என்ற துண்டுக்கூலி. குரோஸ் என்பது 144 பெட்டிகள். இதே ஊரில் 1891இல் தொடங்கிய லாயல் மில் போன்ற நூற்பாலையில் ஷிப்ட் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. கட்டை அடுக்குபவருக்கோ நாள் எப்போது போதுமானதாகிறது என்று சொல்லும் எல்லை கிடையாது.

துண்டுக்கூலி தொழிலாளிக்குச் சுதந்திரம் தருகிறது, விரும்பிய வேகத்தில் வேலை செய்யலாம், களைத்தால் நிறுத்தலாம் என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வேலையின் நெருக்கடி மிகுந்தும் அதன்மீது தொழிலாளிக்கு உள்ள கட்டுப்பாடு குறைந்தும் இருக்கும் இடத்திலேயே மன அழுத்தம் முற்றுகிறது என்று 1979இல் ராபர்ட் கராசெக் வகுத்த கோட்பாட்டின்படி பார்த்தால், வேகம் தன் கையில் இருப்பவர் பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஆனால் வீதத்தை அவர் நிர்ணயிப்பதில்லை. வாங்கிய முன்பணமும் வீட்டுச் செலவும் எத்தனை கட்டை என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. எனவே அவர் கையில் எஞ்சுவது தன்னைத் தானே விரட்டிக்கொள்ளும் உரிமை மட்டுமே. இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. சோர்வின் மூன்றாம் கூறாகிய இயலாமை உணர்வு, மாதச் சம்பளக்காரருக்கு மங்கலான மனக்குறையாகவே இருக்க, துண்டுக்கூலியில் அது அன்றாடம் எண்ணிக்கையாகக் கணக்கேட்டில் ஏறுகிறது. நேற்றைவிட இன்று இரண்டு கட்டை குறைந்தால், வீதம் குறைவு என்று கேள்வி எழுவதற்கு முன்பே, கை ஓடவில்லை என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்கிறார். ஓர் அமைப்பின் குறை தனிமனிதக் குறையாக உருமாறும் இடம் இதுவே.

கரிசல் நிலத்து மானாவாரி உழவும் கடுமையானதே. எனினும் புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விளைவித்த அந்தச் சுழற்சியில், அறுவடைக்குப் பிந்தைய கோடை உடலுக்கு ஓர் இடைவெளி தந்தது. தீப்பெட்டிக்குக் கோடையே உகந்த காலம் என்பதால் அந்த இடைவெளியும் அடைபட்டது. மழைக்காலத்தில் களையெடுப்பு, வெயிற்காலத்தில் ஆபீஸ், ஆண்டு முழுவதும் சமையலும் தண்ணீர்க் குடமும் என்று பெண்ணின் உழைப்பு இடையறாது தொடர்கிறது. வீட்டிலேயே பெட்டி ஒட்டுபவருக்கோ பணியிடம் என்ற எல்லையே இல்லாததால், உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைகூட அவரைச் சரியாகத் தொடுவதில்லை.

இந்நிலையில் யோகா, மூச்சுப்பயிற்சி, மனநல ஆலோசனை போன்ற தனிநபர் வழிகள் பயனற்றவை அல்ல என்றாலும், அவற்றுக்குச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் கூலியிலிருந்தே கழிகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களை ஆராய்ந்த எச். எம். வெர்னான், மிக நீண்ட வேலை நேரத்தைக் குறைத்தபோது வார உற்பத்தி சரியாமல் உயர்ந்ததைக் கண்டறிந்தார். ஓய்வு உற்பத்திக்குப் பகை என்ற முதலாளிகளின் அச்சத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்ட விடை அது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அன்றாட வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்து 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே முதல் நாளில் திரும்பப் பெறப்பட்டது. இவை மதிக்கத்தக்க பாதுகாப்புகளே. ஆயினும் இவை கடிகாரத்தை அளக்கின்றனவே ஒழிய, விரல்களின் வேகத்தை அளப்பதில்லை.

வேகத்தைத் தொடும் விதி வேறொன்று. நேரவீதக் குறைந்தபட்சக் கூலி மட்டும் நிர்ணயிக்கப்பட்ட வேலையில், துண்டுக்கணக்கில் வேலை செய்பவருக்கும் அந்த நேரவீதத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விதித்தது; 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் அதைத் தக்கவைத்துள்ளது. இவ்விதி ஏட்டளவில் நில்லாமல், கூலியுடன் கூடிய சிற்றிடைவேளைகளும் சேர்ந்து நடைமுறைக்கு வருமானால், களைத்த நாளில் மெதுவாக வேலை செய்யும் உரிமை அந்தப் பெண்ணுக்கு முதன்முறையாகக் கிடைக்கும். வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுபவரை மற்றத் தொழிலாளருக்கு இணையாக நடத்தக் கோரும் 1996ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். தீப்பெட்டித் தொழிலுக்கான கூலிப் பேச்சுவார்த்தை அடுத்து நடக்கும்போது, கட்டைக்கு எவ்வளவு என்ற கேள்வியோடு, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் உடல் நோகாமல் ஒரு கட்டையை அடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்ற அளவீட்டையும் தொழிற்சங்கங்களும் தொழிலாளர் துறையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.