போர்க்காலத்து விதை

புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழ்ந்த குடியானவர்கள், பருவத்தில் விதை கையில் இல்லையென்றால் பின்னர் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கினாலும் அந்த வருஷத்து வெள்ளாமை போனதுதான் என்பதை அறிந்தவர்களாதலால், தேறிய நெல்லைப் பிரித்தெடுத்து, வைக்கோற் பிரியால் கோட்டை கட்டிச் சாணத்தால் மெழுகி, வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் அதில் கைவைக்காமல் காத்தார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகி, ராயவரம், பொன்னமராவதி முதலிய ஊர்களின் நகரத்தார் ஐராவதி டெல்டாவில் கடனுதவி செய்து பெருக்கிய பர்மா அரிசி நின்றுபோனபோது, அன்றைய சமஸ்தானத்துக் குடிகளுக்கு விதையாவது ஊரிலேயே இருந்தது.

விதையையே கடல் கடந்து தருவிக்க வேண்டிய நிலை 1965இல் நேர்ந்தது. மத்திய உணவு, விவசாய மந்திரியாயிருந்த நம் சி. சுப்பிரமணியம், விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் முதலியோரின் ஆலோசனைப்படி, லெர்மா ரோஹோ, சோனோரா என்னும் குட்டைக் கோதுமை ரகங்களில் 250 டன் விதையை மெக்ஸிகோவிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார். பாகிஸ்தான் கேட்ட 350 டன்னும் சேர்ந்து, 35 லாரிகளில் புறப்பட்ட அந்தச் சரக்கு, மெக்ஸிகோவில் தடைப்பட்டு, அமெரிக்க எல்லையில் மறுபடியும் தடைப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸில் கலவரம் மூண்டிருந்ததால் துறைமுகத்துக்குப் போகும் வழியிலும் காத்துக்கிடந்து, ஒருவாறு கப்பலேறிய சமயத்தில், அதை எதிர்பார்த்திருந்த இரு தேசங்களும் ஒன்றோடொன்று யுத்தத்தில் இறங்கிவிட்டன. உண்ணும் தானியமாயிருந்தால் ஒரு மாதம் பொறுத்து வந்தாலும் பசி தீர்க்கும். கார்த்திகை விதைப்புக்குப் பிந்திய விதையால் யாருக்கு என்ன பயன்?

விதை வந்து சேர்ந்தது. ஆனால் மெக்ஸிகோக் கிடங்கில் பூச்சிகளுக்காகப் புகைமருந்து மிகுதியாக இட்டுவிட்டதால் பாதிகூட முளைக்கவில்லை. அந்தக் கோதுமையை உருவாக்கிய நார்மன் போர்லாக், ஏக்கருக்கு இரட்டிப்பாக விதைக்கச் சொல்லிப் பயிரைக் காப்பாற்றினார்.

அமெரிக்கக் கோதுமையும் அளந்து அளந்தே வந்த அந்நாளில், பலத்த ஆட்சேபங்களுக்கிடையே 1966இல் 18,000 டன் விதையைத் தருவித்த சுப்பிரமணியத்தின் துணிவை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். டில்லியில் தம் பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விளைவித்துக் காட்டியவர் அவர். 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். அதற்கு அடுத்த வருஷம் தேசத்தின் கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன்னை எட்டியது.