கேள்விக்குறியோடு புறப்பட்ட கட்டுரை

இலங்கையின் வட மத்திய மாகாணத்து நெல்வயல்களில் 1990களின் நடுப்பகுதியில் ஒரு நோய் தலைகாட்டியது. மதவாச்சி, பதவிய பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் விவசாயிகள், நடுவயது ஆண்கள். சர்க்கரை நோய் கிடையாது. இரத்த அழுத்தமும் சொல்லும்படி இல்லை. ஆனால் இரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் மட்டும் ஏறிக் கிடந்தது. வலியோ வீக்கமோ காட்டாமல் வளரும் நோய் என்பதால், சிறுநீரகம் பெருமளவு பழுதான பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. பாடப்புத்தகக் காரணம் எதுவும் பொருந்தவில்லை. 'காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று எழுதிவைத்தார்கள். மருத்துவர்கள் பேச்சில் அது சி.கே.டி.யு. கடைசி எழுத்தான 'யு' அந்தத் தெரியாமைக்கு உரியது.

அதை நிரப்ப ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். ஃப்ளோரைடு என்றார்கள், கட்மியம் என்றார்கள், மலிவான அலுமினியப் பாத்திரம் என்றார்கள், குளத்துப் பாசியின் நஞ்சு என்றார்கள். 2011இல் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நளின் டி சில்வாவின் குழு பூச்சிகொல்லிகளில் ஆர்செனிக் கலந்திருக்கிறது என்று அறிவித்தது. அதற்கான துப்பு சிங்கள பௌத்தர்கள் வழிபடும் நாத தெய்வத்திடமிருந்து கிடைத்தது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னதால், ஆய்வுக்கூட முடிவைவிட தெய்வவாக்குப் பற்றிய சண்டைதான் பத்திரிகைகளில் நீண்டது. 2013 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து செய்த ஆய்வு 'பி.எம்.சி. நெஃப்ராலஜி' என்ற, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழில் வெளியானது. மூன்று மாவட்டங்களில் ஆண்களில் 12.9 சதவீதத்தினருக்கும் பெண்களில் 16.9 சதவீதத்தினருக்கும் இந்த நோய் இருப்பதாக அது சொன்னது. முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஆண்களே அதிகம். கட்மியம் மீது அது விரல் நீட்டியது, ஆனால் நிதானமாக. நிதானமான ஆய்வு தெருவுக்கு வருவதில்லை. அதுவும் வரவில்லை.

இந்தக் கதையின் நாயகன் அடுத்து வந்த கட்டுரை. 2014 பிப்ரவரி 20 அன்று, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தலைமையகம் உள்ள எம்.டி.பி.ஐ. என்ற பதிப்பகத்தின் இதழில் வெளியானது. இதழின் பெயர் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் என்விரான்மென்டல் ரிசர்ச் அண்ட் பப்ளிக் ஹெல்த்'. எழுதியவர்கள் மூவர்: அநுராதபுரத்தை அடுத்த ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமன, கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் லாங் பீச்சின் சரத் குணதிலக்க, பிரியந்த சேனாநாயக்க. 23 பக்கம். தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: கிளைபோசேட், கடினநீர், சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலோகங்கள் – இலங்கையின் காரணம் தெரியாச் சிறுநீரக நோய்ப் பரவலுக்குப் பின்னாலுள்ள குற்றவாளிகள் இவைதாமா?

கேள்விக்குறி தலைப்பிலேயே இருக்கிறது. ஒரு கருதுகோளை முன்வைப்பதே நோக்கம் என்பதையும் கட்டுரை மறைக்கவில்லை. நோயாளியின் இரத்தத்திலோ சிறுநீரிலோ புதிதாக எதையும் அளந்து அது காட்டவில்லை. முன்பே வெளிவந்தவற்றை எடுத்துக் கோத்து ஒரு வாதம் கட்டியது. அந்த வாதம் கெட்டிக்காரத்தனமானது, சொல்லத்தான் வேண்டும்.

கிளைபோசேட்டை நாம் களைநாசினியாக அறிவோம். மொன்சாண்டோ நிறுவனத்தின் ஜான் ஃபிரான்ஸ் 1970இல் அதன் களை கொல்லும் குணத்தைக் கண்டார். 1974இல் 'ரவுண்டப்' சந்தைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1964இல், ஸ்டாஃபர் கெமிக்கல் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் அந்த வகை வேதிப்பொருளுக்கு வேறு காரணத்துக்காகக் காப்புரிமை வாங்கியிருந்தது. கொதிகலனிலும் குழாயிலும் படியும் உப்புப் படிவத்தைக் கரைப்பதற்கு. உலோக அயனிகளை அது கவ்விக்கொள்ளும். கால்சியம், மக்னீசியம் எதையும் விடாது. கட்டுரையாளர்கள் இந்தப் பழைய குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வட மத்திய மாகாணத்துக் கிணற்று நீர் கடினநீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் தாராளம். கிளைபோசேட் அந்த உலோகங்களோடு பிணைந்தால் எளிதில் சிதையாது, மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்கும், ஆர்செனிக் போன்றவற்றையும் வாடகை வண்டி மாதிரி ஏற்றிக்கொண்டு சிறுநீரகம் வரை போய் இறக்கிவிடும் – இதுதான் அவர்கள் சொன்னது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் வேளாண் இரசாயன இறக்குமதி பெருகியது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து நோய் வந்தது. கால வரிசையும் ஒத்துப்போகிறது அல்லவா என்றார்கள்.

ஒத்துப்போவதாலேயே நிரூபணமாகிவிடாது. அதற்குத்தான் அந்தக் கேள்விக்குறி.

கட்டுரை சந்தா இதழ் ஒன்றில் வந்திருந்தால், படிக்க விரும்பியவர் முப்பது நாற்பது டாலர் கட்டியிருக்க வேண்டும். பதவியவில் நெல் விதைப்பவரின் பிள்ளைக்கும் கொழும்புப் பத்திரிகையாளருக்கும் அது நடக்கிற காரியமல்ல. இதுவோ திறந்த அணுக்க இதழ். அதன் முறையில் பதிப்புக் கட்டணம் ஆசிரியர் பக்கம் விழுகிறது, வாசகர் பக்கம் இலவசம். பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம். வெளியான அன்றே முழுக் கட்டுரையும் யார் கைப்பேசிக்கும் வரக்கூடியதாக இருந்தது. அதில் உலோகத்தைக் கவ்விய கிளைபோசேட் மூலக்கூறின் படம் ஒன்று உண்டு. வேதியியல் தெரியாதவருக்கும் அந்தப் படம் பார்த்தவுடன் புரியும். ஆதாரம் எது, அனுமானம் எது என்று பிரித்துச் சொல்லும் பத்திகளுக்கு அந்த வசதி கிடையாது.

மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். மார்ச் நடுவில், கிளைபோசேட் விற்பனையை நிறுத்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ உத்தரவிட்டிருக்கிறார் என்று அமைச்சர் எஸ்.எம். சந்திரசேன அறிவித்தார். அவர் தொகுதி அநுராதபுரம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விவசாய விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். புதிய தரவு எதுவும் இல்லாத வெறும் கோட்பாடு என்றது மொன்சாண்டோ. அந்தத் தடை நடைமுறைக்கு வராமலே கிடப்பில் விழுந்தது.

2015இல் காட்சி மாறியது. ஜனவரியில் ஜனாதிபதியான மைத்திரிபால சிறிசேன பொலன்னறுவைக்காரர்; முன்னாள் சுகாதார அமைச்சர்; நோய்ப் பகுதியின் வாக்குகளை நேரில் அறிந்தவர். பௌத்த பிக்குவும் அரசியல்வாதியுமான அத்துரலியே ரத்தன தேரர் மேடைதோறும் கிளைபோசேட்டைச் சாடினார். மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. அதற்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் மேடையில் யார் அதைப் பிரித்துச் சொல்வார்கள்? ஜூனில் அரசிதழான வர்த்தமானி வந்தது; இறக்குமதிக்குத் தடை. வர்த்தமானியில் கேள்விக்குறி வைக்கும் வழக்கம் இல்லை.

இதற்கிடையில் அதே ஆண்டு ஜயசுமனவின் குழு பதவி ஸ்ரீபுர என்ற பகுதியில் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு இன்னொரு திறந்த அணுக்க இதழில் எழுதியது. கைவிட்ட கிணற்றின் நீரைக் குடித்த வரலாறு உள்ளவர்களுக்கும் கிளைபோசேட் தெளித்த வரலாறு உள்ளவர்களுக்கும் நோய் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்றது. இது கருதுகோள் இல்லை, களத்தில் எடுத்த கணக்கு. ஆயினும் இங்கேயும் கேட்க வேண்டியது உண்டு: களைநாசினி தெளிப்பவர் யார்? கொளுத்தும் வெயிலில் வியர்வை சொட்ட நாள் முழுக்க வயலில் நிற்பவர். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இதே மாதிரியான நோயை ஆராய்ந்தவர்கள் வெப்பத்தையும் உடல் நீரிழப்பையும்தான் முதன்மையாகச் சந்தேகித்தார்கள். தெளித்த மருந்தா, நின்ற வெயிலா, குடித்த தண்ணீரா என்று ஒரே ஆளிடமிருந்து பிரித்தெடுப்பது லேசல்ல.

தடையின் சுமை போய் விழுந்தது நோய் இல்லாத மலையகத்தில். தேயிலைத் தோட்டங்களில் களை மண்டியது. கையால் பிடுங்க ஆள் போதவில்லை. கொழுந்து பறிக்கும் தொழிலாளர் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது. பதிலுக்குப் பயன்படுத்திய எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானிலிருந்து புகார் வந்தது. கிளைபோசேட்டும் கள்ளத்தனமாகக் கடல் தாண்டி வந்து, பழைய விலையைவிடப் பல மடங்கில் விற்றது. அநுராதபுரத்துச் சிறுநீரகத்துக்காகப் போட்ட தடைக்கு மலையகத்து நுவரெலியா ஈடு கொடுத்தது என்று தோட்டக்காரர்கள் புலம்பியதில் பொய் இல்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. ஜயசுமன 2020இல் நாடாளுமன்றம் போய் இராஜாங்க அமைச்சரும் ஆனார். 2022இல் மீதித் தடையும் எடுக்கப்பட்டது.

கட்டுரையைத் தாங்கிய இதழுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. 2023இல் கிளாரிவேட் நிறுவனம் அதைத் தன் 'வெப் ஆஃப் சயன்ஸ்' அட்டவணையிலிருந்து நீக்கியது. இதழின் செல்வாக்கை அளக்கும் தாக்கக் காரணி எண் போயிற்று. காரணம் இந்தக் கட்டுரை அல்ல. இதழ் தன் எல்லைக்குப் பொருந்தாதவற்றையும் வெளியிடுகிறது என்பதே குற்றச்சாட்டு. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுவார்கள் என்று திறந்த அணுக்கத்தை ஏசுகிறவர்களுக்கு இது வாய்க்கு வசதியாகப் போயிற்று. எனக்கு அந்த ஏச்சில் பாதிதான் உடன்பாடு. கட்டுரையை மறுத்து எழுதியவர்களில் பலரும் இலவசமாகப் படிக்கும் இடங்களில்தான் எழுதினார்கள். மறுப்பும் எல்லார் கைக்கும் எட்டியது. அமைச்சர்கள்தான் அதைத் திறக்கவில்லை.

தலைப்பில் இருந்த மூன்று சந்தேக நபர்களில் கிளைபோசேட்டுக்குத்தான் அத்தனை வழக்கும் வாய்தாவும். இரண்டாவது பெயரான கடினநீரைப் பற்றிப் பெரிய சண்டை எழவில்லை. கிணற்று நீரைச் சந்தேகித்தவர்கள் இவர்கள் மட்டுமல்ல என்பதால், நல்ல தண்ணீர் கொடுப்போம் என்பதில் எல்லாக் கட்சியும் ஒத்துப்போயிற்று. நோயுள்ள கிராமங்களில் எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. கடற்படை மட்டுமே நூற்றுக்கணக்கில் கட்டிக்கொடுத்தது. பொலன்னறுவையில் சீன உதவியில் சிறுநீரகத்துக்கென்றே ஒரு தேசிய மருத்துவமனை 2021இல் திறக்கப்பட்டது. அங்கே வரும் நோயாளியின் சீட்டில் இன்றும் அந்தக் கடைசி 'யு' இருக்கிறது. வீட்டில் குடிப்பதற்கு மட்டும் அவர் கிணற்றை விட்டு, சைக்கிளில் கேன் கட்டிப்போய் ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி வருகிறார்.