பயிற்சி ஓட்டலுக்கு நிஜ விருந்தாளி எதுக்கு?

ஓட்டல் வேலையை வகுப்பறையில் உட்கார்ந்து கத்துக்க முடியுமா? சுற்றுலாக் கல்வியின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

1893ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஷாக் சூமி என்ற ஓட்டல்காரர் ஒரு ஓட்டல் பள்ளியைத் தொடங்கினார். பயணிகள் வந்து குவிகிறார்கள், வேலை தெரிந்த ஆள் போதவில்லை. அதனால் ஒரு ஓட்டலுக்குள்ளேயே வகுப்பு.

1922ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இதைப் பட்டப்படிப்பாக ஆரம்பித்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் ஓட்டல் ஏது? மாணவர்களே வழி கண்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வளாகத்திலேயே ஓட்டல் நடத்தி, ஓட்டல் முதலாளிகளையே விருந்தாளிகளாக அழைத்தார்கள். பெயர் ‘ஓட்டல் எஸ்ரா கார்னெல்’.

எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் பெரிய ஓட்டல் முதலாளி. சின்ன வயசில் பெட்டி தூக்கி மேலே வந்தவர். இதுக்கெல்லாம் படிப்பு எதுக்கு என்று நினைத்தவர். 1927ல் வந்து பார்த்தார், மனசு மாறிப்போனார். பின்னாளில் அவர் பெயரிலான அறக்கட்டளையின் பணத்தில், 1950ல் அங்கே நிஜமான தங்கும் விடுதியே வந்துவிட்டது.

எங்க சாஃப்ட்வேர் தொழிலிலும் இதே கதைதான். டெஸ்ட் சர்வரில் அழகாக ஓடுவது, நிஜ யூசர் வந்ததும் படுத்துவிடும். மாணவனை மாணவனே விருந்தாளியாக நடித்துச் சோதித்தால், கோபப்படுகிற விருந்தாளியைச் சமாளிக்க எப்போது பழகுவான்?

இந்தியாவில் 1954ல் லீலாவதி முன்ஷி முயற்சியால் மும்பையில் கேட்டரிங் கல்லூரி வந்தது. சென்னைக்கு 1963ல், இப்போது தரமணியில் இருக்கிறது. இங்கெல்லாம் பயிற்சி சமையலறையும் உணவகமும் பாடத்தின் பகுதி. சமையலறையைக் கட்டிவிடலாம். வழிகாட்டிப் பயிற்சிக்குக் கோயிலைக் கட்ட முடியுமா?

ஒருவர் கட்டியிருக்கிறார்! எங்க நசரத்பேட்டைக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், சோழநாட்டுத் திருநாகேஸ்வரத்தின் மேல் வைத்த பற்றால், அதே பெயரில் சொந்த ஊரில் கோயில் எழுப்பினார் என்பது வரலாறு. கறாராகப் பார்த்தால் அதுவும் நகல்தான். ஆனால் பல நூற்றாண்டுகளாக நிஜ பக்தர்கள் வருகிறார்கள்; அதனால் அது நிஜக் கோயில்.

ஆக, இடம் அசலா நகலா என்பது இரண்டாவது கேள்வி. வருகிறவர் நிஜமா என்பதுதான் முதல் கேள்வி. திருக்கச்சி நம்பியின் பூந்தமல்லி, ஆழ்வாரின் திருமழிசை, சேக்கிழாரின் குன்றத்தூர் மூன்றும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சுற்றுலா படிக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பத்து நிஜப் பயணிகளைக் கூட்டிப் போய்க் காட்டட்டும். அவர்கள் கேட்கிற ஒரு குறுக்குக் கேள்வி, ஒரு செமஸ்டருக்குச் சமம்.