சாமீரில் குடியிருந்தவர்

சென்ற இதழில் அபிமெலேக்கை தேபேஸ் நகரத்துக் கோபுரத்தின் அடியில் விட்டுவந்தோம். மேலிருந்து ஒரு ஸ்திரீ தள்ளிவிட்ட எந்திரக்கல் மண்டையைப் பிளந்துவிட்ட அந்த நிலையிலும், ஒரு பெண்ணின் கையால் மாண்டவன் என்ற அபகீர்த்தி தன்னைத் தொடரலாகாதென்று, ஆயுததாரியாகிய வாலிபனை அழைத்து அவன் பட்டயத்தால் உயிர்விட்ட அந்த மனிதன் ஆண்டது மூன்றே வருஷம். ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள், பாகால்பேரீத்தின் கோயில் பண்டாரத்திலிருந்து பெற்ற 70 வெள்ளிக்காசைக் கொண்டு போக்கிரிகளைக் கூலிக்கு அமர்த்தி, தன் தகப்பனார் கிதியோனின் புத்திரர்களை, ஒளிந்து தப்பிய யோதாம் ஒருவன் நீங்கலாக, ஒரே கல்லின்மேல் கொன்று குவித்து, தன்னை அரசனாக்கிய சீகேம் நகரத்தையே பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த மண்ணில் உப்பை விதைத்து, அரணுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஏறக்குறைய 1000 ஆண்களையும் பெண்களையும் நெருப்புக்கு இரையாக்கினான். அவன் மாண்டதைக் கண்டவுடனே, உடன்வந்த சேனை கலைந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டது.

அப்படிக் கலைந்தவர்கள் திரும்பிச் சென்ற ஊர்களின் கதி என்னவாயிற்று என்று எண்ணிப் பார்க்கிறவருக்குத்தான் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 10ஆம் அத்தியாயத்திலுள்ள முதல் இரண்டு வசனங்கள் பொருள்படும். அபிமெலேக்குக்குப் பின்பு இஸ்ரவேலை இரட்சிக்க எழுந்தவர் தோலா என்பவர், பூவாவின் குமாரர், தோதோவின் பேரர், இசக்கார் கோத்திரத்தார், எப்பிராயீம் மலைநாட்டிலே சாமீர் என்னும் ஊரில் குடியிருந்தார், 23 வருஷம் நியாயம் விசாரித்தார், மரித்து, அந்தச் சாமீரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தோலாவைப்பற்றிச் சரித்திரம் வைத்திருப்பது இவ்வளவே. கிதியோனுக்கு மூன்று அத்தியாயங்களும் சிம்சோனுக்கு நான்கு அத்தியாயங்களும் கொடுத்த ஆசிரியர், இவருக்கு இரண்டு வசனங்களோடு எழுதுகோலை நிறுத்திவிட்டார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் தம் ஜனங்களின் பூர்வ சரித்திரத்தை கிரேக்க மொழியில் விரிவாக எழுதிய ஜோசீபஸோ, அபிமெலேக்கை முடித்த கையோடு அடுத்தவராகிய யாவீரிடம் போய்விடுகிறார். இடையிலிருந்த 23 வருஷமும் தோலாவின் பெயரும் அவருடைய நூலில் இடம்பெறவில்லை. விசுவாச வீரர்களை வரிசைப்படுத்தும் எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்திலும் கிதியோன், பாராக், சிம்சோன், யெப்தா ஆகியோர் உண்டு, தோலா இல்லை.

இத்தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த மனிதருக்கு ஒரு முழு வாரத்தை ஒதுக்கவேண்டுமென்று தீர்மானித்திருந்தேன். அதற்குக் காரணம், அந்த இரண்டு வசனங்களுக்குள் கிடக்கும் ஒரு விசித்திரம். இப்புத்தகத்தில் இரட்சகனாக எழுகிற ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு பகைவன் நிற்கிறான். ஒத்னியேலுக்கு கூசான்ரிஷதாயீம், ஏகூத்துக்கு மோவாப் அரசனான எக்லோன், தெபோராளுக்கும் பாராக்குக்கும் சிசெராவின் 900 இருப்பு ரதங்கள், கிதியோனுக்கு மீதியானியர், யெப்தாவுக்கு அம்மோனியர், சிம்சோனுக்குப் பெலிஸ்தர். ஒரே ஒரு வசனம் பெற்ற சம்காருக்குக்கூட 600 பெலிஸ்தரும் ஒரு தாற்றுக்கோலும் உண்டு. தோலாவுக்கோ எதிரி யாரும் சொல்லப்படவில்லை. யுத்தமில்லை, எக்காளமில்லை, கொள்ளைப்பொருளில்லை. அப்படியிருந்தும் அவர் இஸ்ரவேலை இரட்சிக்க எழுந்தார் என்றே ஆசிரியர் எழுதுகிறார். யாரிடமிருந்து இரட்சித்தார்? முந்திய வாக்கியத்திலேயே விடை இருக்கிறது என்பது என் துணிபு. 'அபிமெலேக்குக்குப் பின்பு' என்று சொல்லி ஆரம்பிக்கிறவர், அந்நியர் எவரும் படையெடுக்காமலே, தன் பிள்ளைகளாலேயே பாழாக்கப்பட்டுக் கிடந்த ஒரு தேசத்தைத்தான் நம் கண்முன் நிறுத்துகிறார்.

அந்தப் பாழின் அளவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். கெரிசீம், ஏபால் என்னும் இரண்டு மலைகளுக்கும் நடுவிலுள்ள கணவாயில், தெற்கு வடக்காகச் செல்லும் மலைப்பாதையும் கடலோரத்திலிருந்து யோர்தானை நோக்கி வரும் பாதையும் சந்திக்கும் இடத்தில் சீகேம் அமைந்திருந்தது. மத்திய மலைநாட்டின் தானியமும் எண்ணெயும் திராட்சரசமும் கைமாறிய சந்தி அது. இன்றைய நாப்லஸ் நகரத்தின் அருகே தெல் பலாட்டா என வழங்கும் மேட்டில் 1913ஆம் வருஷம் எர்ன்ஸ்ட் செலின் என்ற ஜெர்மானியர் தோண்டத் தொடங்கினார். 1956 முதல் ஜி. எர்னஸ்ட் ரைட் தலைமையில் அமெரிக்கக் குழுவினர் அப்பணியைத் தொடர்ந்து, கனத்த சுவர்களையுடைய ஒரு கோட்டைக் கோயிலையும், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததென அவர்கள் கருதிய ஒரு பெரும் அழிவின் அடுக்கையும் ஆராய்ந்தார்கள். அந்த அழிவை அபிமெலேக்கின் செயலோடு அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். அதன்பின் நெடுங்காலம் அந்நகரம் தலைதூக்கவில்லை என்பதும் அவர்களுடைய முடிவு.

நகரம் அழிவதற்கு முன்னரே பாதைகள் கெட்டுவிட்டன. சீகேமின் பெரியவர்கள் அபிமெலேக்குக்கு விரோதமாக மலையுச்சிகளில் ஆட்களைப் பதிவிருக்க வைத்ததும், அந்த ஆட்கள் வழிப்போக்கர் எல்லாரையும் கொள்ளையிட்டதும் 9ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கூலிக்கு வெட்டியவர்களும், வெட்டுண்டவர்களின் சுற்றத்தாரும், வீடு எரிந்தவர்களும், எரிக்கக் கொப்பு சுமந்தவர்களும் இனி ஒரே கிணற்றில் நீர் இறைத்து, ஒரே களத்தில் கதிர் அடித்துப் பிழைத்தாகவேண்டும். இரத்தப் பழிக்கு உறவினனே வாளெடுக்கும் வழக்கம் இருந்த ஒரு சமூகத்தில், இப்படிப்பட்ட ஒரு மூன்று வருஷத்துக்குப் பிறகு வரும் முதல் அறுவடைக் காலம் எவ்வளவு பயங்கரமானதாக இருந்திருக்கும்!

அந்த மலைநாட்டு ஜனங்களின் வாழ்க்கையைப்பற்றித் தொல்பொருளாய்வு நமக்குக் கொடுக்கும் சித்திரம் மிகவும் எளியது. கோட்டைமதில் இல்லாத சின்னஞ்சிறு கிராமங்கள். தூண்கள் நிறுத்திய கல்வீடுகள், அவற்றுள் மனிதரோடு ஆடுமாடுகளுக்கும் இடம். சரிவுகளில் கல்லடுக்கி மண்ணைத் தாங்கிய படிக்கட்டு வயல்கள். மழைநீரைத் தேக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகள். கழுத்தடியில் வளையம் வைத்த பெரிய குதிர்ஜாடிகள். அரண்மனை இல்லை, அரசாங்க உத்தியோகஸ்தர் இல்லை, சிறைச்சாலை இல்லை. இத்தகைய ஊர்களில் நியாயம் விசாரிப்பதென்பது என்ன? யாத்திராகமத்தின் 21 முதல் 23 வரையுள்ள அத்தியாயங்களைப் படித்தால், வழக்குகளின் தன்மை நன்கு விளங்கும். ஒருவன் குழிவெட்டி மூடாமல் விட, மற்றவனுடைய கழுதை அதில் விழுந்து சாகிறது, முட்டுகிற மாடென்று தெரிந்தும் கட்டிவைக்காத எஜமான், முள்ளில் பிடித்த தீ பரவிப் பக்கத்து வயலின் கதிர்ப்போரை எரித்துவிடுகிறது, கடனுக்கு ஈடாக வாங்கிய மேலாடையைச் சூரியன் அஸ்தமிக்குமுன் ஏழைக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், பரிதானம் வாங்கலாகாது, வழக்கிலே தரித்திரன் என்பதற்காக முகதாட்சிணியம் காட்டலாகாது. உபாகமம் இன்னொன்று சொல்கிறது: மாவரைக்கும் எந்திரத்தையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கலாகாது, ஏனெனில் அது ஒரு குடும்பத்தின் ஜீவனத்தையே அடகாக வாங்குவதாகும். தேபேஸில் அரசன் தலையில் விழுந்தது அப்படிப்பட்ட ஒரு மேற்கல்தான் என்பதை நினைக்கும்போது, அந்த ஸ்திரீயின் வீட்டில் மறுநாள் எதைக்கொண்டு மாவரைத்தார்களோ என்ற எண்ணம் எனக்கு வராமலிருப்பதில்லை.

நியாயாதிபதியின் தீர்ப்புக்குப் பின்னால் படையோ காவலோ கிடையாது. தெபோராள் எப்பிராயீம் மலைநாட்டில், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் தாமாக அவரிடம் ஏறிப்போனார்கள். வாதியும் பிரதிவாதியும் ஒப்புக்கொண்டாலொழிய அங்கே பிறந்த தீர்ப்பு செல்லுபடியாகாது. ஆகவே, இருதரத்தாரும் தம்மை நம்பும்படி நடந்துகொள்வதொன்றே அப்பதவியின் முழு பலமும். ஒருமுறை பாரபட்சம் காட்டினால் போதும், ஜனங்கள் அந்த மலையில் ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். 23 வருஷம் தோலாவிடம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதுவும் எப்பிராயீம் நாட்டில்! எப்பிராயீமியர் மிகவும் ரோஷமுள்ள கோத்திரத்தார். மீதியானியரை முறியடித்து வந்த கிதியோனையே, எங்களை ஏன் முதலில் அழைக்கவில்லை என்று அவர்கள் பலமாக வாக்குவாதம் செய்து மடக்கினார்கள். எப்பிராயீமின் திராட்சப்பழ மிச்சம் எங்கள் முழு அறுப்பைக் காட்டிலும் மேலானது என்ற கருத்தில் அவர் தம்மைத் தாழ்த்திப் பேசியதனாலேயே அவர்களுடைய கோபம் ஆறியது. தோலாவோ எப்பிராயீமியர் அல்லர். எஸ்திரயேலோன் சமவெளியின் கிழக்குப் பாகத்தைச் சுதந்தரமாகப் பெற்ற இசக்கார் கோத்திரத்தில் பிறந்தவர். தோலா, பூவா என்ற பெயர்கள் இசக்காரின் புத்திரர்களுடைய பெயர்களாக ஆதியாகமத்திலும் எண்ணாகமத்திலும் வருவதால், அவர் அக்கோத்திரத்தின் பழமையான வம்சமொன்றைச் சேர்ந்தவர் என்று தெரிகிறது. அந்த வம்சத்தார் தாவீதின் காலத்தில் 22,600 பேராக இருந்தார்களென்று நாளாகமம் கணக்குச் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் தம் சொந்த ஜனங்களின் செழிப்பான சமவெளியை விட்டு, பிறருடைய கரடான மலையில் வந்து குடியிருந்திருக்கிறார். சாமீர் எங்கே இருந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. ஆயினும் கிரேக்க மொழிபெயர்ப்பின் பழைய பிரதியொன்று அவ்விடத்தில் சமாரியா என்றே எழுதியிருப்பதால், பிற்காலத்தில் உம்ரி என்ற அரசன் விலைக்கு வாங்கித் தலைநகராக்கிய அந்தக் குன்றுதான் சாமீர் என்று கருதுவோர் உண்டு. அது உண்மையாயின், எரிந்துபோன சீகேமிலிருந்து ஒரு நாள் நடைக்கும் குறைவான தூரத்திலேயே அவர் வாசம் செய்தார் என்றாகிறது. காயம் எங்கே ஆழமாக இருந்ததோ அதன் அருகில் போய் அமர்ந்துகொண்ட வைத்தியரைப்போல அவர் எனக்குத் தோன்றுகிறார்.

மார்ட்டின் நோத் என்ற ஜெர்மானிய அறிஞர், தோலா, யாவீர், இப்சான், ஏலோன், அப்தோன் ஆகிய இந்தச் சிறிய நியாயாதிபதிகளே கோத்திரங்களனைத்துக்கும் பொதுவான சட்டத்தைக் காத்துவந்த மெய்யான உத்தியோகஸ்தர்கள் என்று 1950இல் வாதித்தார். கோத்திரக் கூட்டமைப்பைப்பற்றிய அவருடைய கொள்கையைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது: கிதியோன் முதலிய வீரர்களின் காலத்துக்கு 40, 80 என்று முழு எண்களைச் சொல்லும் அப்புத்தகம், இவர்களுக்கோ 23, 22, 7, 10, 8 என்று துண்டு துண்டான எண்களைச் சொல்கிறது. யாரோ வருஷம் தவறாமல் எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

சிறிய நியாயாதிபதிகள் பலருடைய குறிப்பிலிருந்தும் தோலாவின் குறிப்பு வேறுபட்டு நிற்கிறது. யாவீருக்கு 30 கழுதைகளின்மேல் ஏறிய 30 குமாரர்களும் 30 ஊர்களும் இருந்தன. இப்சானுக்கு 30 குமாரரும் 30 குமாரத்திகளும். அப்தோனுக்கு 40 குமாரரும் 30 பேரரும். தோலாவுக்குச் சந்ததியும் கூறப்படவில்லை, சம்பத்தும் கூறப்படவில்லை. அரசனாகச் சம்மதியாத கிதியோன்கூட, கொள்ளையில் கிடைத்த 1700 சேக்கல் பொன்னால் ஓர் ஏபோத்தைச் செய்து ஒப்ராவில் வைத்தார்; அது அவருடைய வீட்டாருக்கே கண்ணியாயிற்று. கிதியோனின் புத்திரர் எழுபது பேர் ஆளுவதைவிட உங்கள் மாம்சமும் எலும்புமான ஒருவன் ஆளுவது நல்லதல்லவா என்று தாய்வழி உறவைச் சொல்லியே அபிமெலேக்கு சீகேமை வசப்படுத்தினான். இவ்வளவும் நடந்த இடத்தில், கோத்திரத்தால் அயலாரான ஒருவர் 23 வருஷம் நியாயஸ்தானத்தில் வீற்றிருந்து, ஒரு நினைவுச்சின்னத்தையும் எழுப்பாமல் மரித்தபோது, அந்த ஸ்தானத்துக்கு அடுத்து வந்தவர் யோர்தானுக்கு அப்பாலுள்ள கீலேயாத்தின் யாவீர். தகப்பனுக்குப்பின் மகன் என்ற பேச்சே எழவில்லை. ஒரே கல்லின்மேல் யாரும் வெட்டுண்ணவில்லை. அபிமெலேக்கின் கதையை முந்திய பக்கத்தில் படித்தவருக்கு இது சாதாரண காரியமாகத் தோன்றாது.

யாவீர் 22 வருஷம் நியாயம் விசாரித்தார். இருவர் காலமும் சேர்ந்து 45 வருஷம். இதற்கிடையில், ஜனங்கள் பொல்லாப்பானதைச் செய்தார்கள் என்ற அந்த நிரந்தரப் புகாரை ஆசிரியர் ஓரிடத்திலும் எழுதவில்லை. யாவீர் காமோனில் அடக்கம் செய்யப்பட்ட பிறகே அந்த வாக்கியம் மறுபடி வருகிறது. அதோடு பெலிஸ்தரும் அம்மோனியரும் வருகிறார்கள். 18 வருஷ ஒடுக்குதல் வருகிறது. கீலேயாத்தின் மூப்பர்கள், வேசியின் மகனென்று தங்கள் நாட்டார் துரத்திவிட்ட யெப்தாவைத் தேடித் தோப் தேசத்துக்குப் போகிறார்கள். அவர் அம்மோனியரை வென்று திரும்பியதும், எப்பிராயீமியர் யோர்தானைக் கடந்து வந்து, கிதியோனிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டு, உன் வீட்டை உன்மேல் கொளுத்திப்போடுவோம் என்று பயமுறுத்துகிறார்கள். யெப்தாவுக்குத் தாழ்ந்து பேசத் தெரியவில்லை. ஆற்றுத்துறைகளில் அன்று விழுந்த எப்பிராயீமியர் 42,000 பேர் என்கிறது புத்தகம். அந்த யுத்தத்தையும், அதற்குமுன் யெப்தா பண்ணின பொருத்தனையையும், அதற்காக அவருடைய ஒரே மகள் கொடுத்த விலையையும் அடுத்த இதழில் காண்போம்.