டான் இன்வர்ஸ் பொத்தான் பிறந்த கதை

ஏரிக்கரையின் தோணிரேவில் புதிதாகக் கோல் பிடிக்கும் பையனைப் பாருங்கள். எதிரே நட்ட முளையைக் குறிவைத்து ஒரு தள்ளு தள்ளுவான். அணியம் முளையைத் தாண்டிப் போய்விடும். மறுபக்கம் ஊன்றி அதில் பாதித் தள்ளு. இப்போது இந்தப் பக்கம் வந்துவிடும். இன்னும் சின்னதாக ஒன்று, அதைவிடச் சின்னதாக ஒன்று. ஏழெட்டுத் தள்ளில் தோணி முளைக்கு நேராக நிற்கும். கால்குலேட்டரில் டான் இன்வர்ஸ் அழுத்தும்போது உள்ளே நடப்பதும் அநேகமாக இதுதான்.

இந்த வித்தை குண்டுவீச்சு விமானத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் கான்வேர் நிறுவனத்தில் பி-58 விமானத்துக்கு வழிகாட்டும் கருவியை எண்களில் ஓடவைக்க வழி தேடினார்கள். அன்றைய மின்சுற்றுக்குப் பெருக்கல் பெரும்பாடு. கூட்டவும் கழிக்கவும் எளிதாக வரும். இருமை எண்ணைப் பாதியாக்குவதும் எளிது, இலக்கங்களை ஓரிடம் நகர்த்தினால் போதும். 1956-இல் அங்கிருந்த ஜாக் வோல்டர் இந்த ஏழ்மையையே முதலாக்கினார். டான் மதிப்பு 1, அரை, கால், அரைக்கால் என்று வரும் கோணங்களை மட்டும் எழுதிவைத்துக்கொண்டார்: 45 டிகிரி, 26.565, 14.036, 7.125. எந்தக் கோணத்தையும் இவற்றைக் கூட்டிக் கழித்தே எட்டிவிடலாம். 1959-இல் வெளியான இந்த முறைக்குக் கார்டிக் என்று பெயர்.

முளை நான்கடி கிழக்கே, மூன்றடி வடக்கே இருக்கிறது என்று வையுங்கள். கிழக்கு நோக்கி நிற்கும் தோணியை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும்? முதல் தள்ளு 45, தாண்டிவிட்டது. திரும்பினால் 18.4, போதவில்லை. அடுத்து 32.5, பிறகு 39.6, 36.0, 37.8, 36.9. விடை 36.87. பொத்தானுக்கு முக்கோணவியல் எதுவும் தெரியாது. தாண்டினோமா, தாண்டவில்லையா என்பது மட்டும் தெரியும்.

1968-இல் ஹியூலெட்-பேக்கார்டின் 9100ஏ மேசைக் கணிப்பான் டான் இன்வர்ஸ் போன்ற கணக்குகளை இதே முறையில் செய்தது. எடை சுமார் 18 கிலோ. அதைச் சட்டைப்பைக்குள் கொண்டுவா என்றார் பில் ஹியூலெட். 1972-இல் 35 பொத்தான்களோடு எச்பி-35 வந்தது, விலை 395 டாலர். அதில் முதலில் 'ஆர்க்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் டானைத் தொட வேண்டும்.

தொகையீட்டுப் பொத்தான் கைக்கு வர 1979 ஆயிற்று, எச்பி-34சி. அதன் கணக்கு வழியை வகுத்தவர் வில்லியம் கஹான். முகத்துவாரத்தின் குறுக்கே கோலை இறக்கி இறக்கி ஆழம் பார்த்து, ஒவ்வோர் ஆழத்தையும் அதன் அகலத்தால் பெருக்கிக் கூட்டினால் வெட்டுமுகப் பரப்பு வரும். தொகையீடு அவ்வளவே. கஹானின் கெட்டிக்காரத்தனம், கோலைச் சம இடைவெளியில் இறக்காததில் இருக்கிறது. அலை சீராக ஏறி இறங்கினால் சம இடைவெளிக் கோல் ஒவ்வொரு முறையும் முகட்டிலேயே விழுந்து ஏமாறக்கூடும்.

அதே 1979-இல், ஆகஸ்ட் 10 அன்று, ஏரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்எல்வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 18-இல் வென்றது. முடுக்கத்தைத் தொகைப்படுத்தி வேகம், வேகத்தைத் தொகைப்படுத்தி இடம், பிறகு நேர்மாறு முக்கோணவியலால் திசை: ராக்கெட்டின் வழிகாட்டலுக்கும் அடிப்படை இந்த இரண்டு பொத்தான்களின் வேலைதான். ஏவுதல் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பாகத்தான் அந்தக் கணக்கு தோணிரேவுக் கரைக்கு வந்து சேர்கிறது.

1985-இல் கேசியோவின் எஃப்எக்ஸ்-7000ஜி வரைபடத்தையே திரையில் காட்டியது. 96-க்கு 64 புள்ளித் திரை, 422 பைட் நினைவகம். இன்று கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கும் வரைபடச் செயலிகளுக்கு அதுதான் மூத்தது.

அத்தகைய செயலியில், ஒன்றோடு எக்ஸின் வர்க்கத்தைக் கூட்டி அதனால் ஒன்றை வகுக்கும் வளைகோட்டை வரையுங்கள். 0 முதல் 1 வரை அதன் கீழுள்ள பரப்பைக் கேளுங்கள்: 0.785398. டான் இன்வர்ஸ் 1 கேட்டாலும் அதே எண்தான். இரண்டு பொத்தான்களும் ஒன்றுக்கொன்று உறவு. இந்த உறவைக் கேரளத்துச் சங்கமகிராம மாதவனின் மரபினர் ஐரோப்பியர்களுக்கு முன்பே கண்டிருந்தார்கள். வில்லைச் சிறு துண்டுகளாக்கிக் கூட்டும் நிறுவலை, 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷையில் மலையாளத்திலேயே எழுதிவைத்தார்.

ஆனால் டிகிரியில் இருந்தால் டான் இன்வர்ஸ் 1 என்பது 45 என்று வரும், உறவு அறுந்துபோகும். கல்லூரித் தேர்வில் 0 முதல் பை வரை சைனைத் தொகைப்படுத்தினேன். 2 வரவேண்டிய இடத்தில் 0.086 வந்தது. கால்குலேட்டர் கெட்டுவிட்டதென்று பக்கத்துப் பெஞ்சில் இன்னொன்றை இரவல் கேட்டேன். அதுவும் 0.086 என்றது, அதுவும் டிகிரியில்தான் இருந்தது.

தொகையீட்டுப் பொத்தானைத் தொடுமுன் திரையின் மேல்மூலையைப் பாருங்கள். அங்கே ரேடியன் என்று இருக்க வேண்டும்.